வானத்திலே ஒரு துண்டு

அரசியல் படித்தவனுக்கு ஆகாயத்திலே என்ன அலுவல்?

இக்கேள்வியைக் கேலியாகக் கேட்போர் உண்டு; கவலையோடு கேட்போரும் உண்டு. கலைக்கல்லூரி ஒன்றிலே அரசியல் அறிவியல் கற்பித்து வருபவன் நான். என்னிடம் பயின்ற இளைஞர்களிலே ஐவர், சில ஆண்டுகளுக்கு முன்பு, விண்வெளி அரசுறவு, தொழில்நுட்பக் கொள்கை எனும் துறையிலே ஆராய்ச்சி நடத்திட முன்வந்தனர். அன்று தொடங்கிற்று, தோழர்களே, இந்தக் கேள்விக் கணை! "ராக்கெட்டின் மூக்கு எது, வால் எது என்று அறியாதவர்கள் விண்வெளியை ஆராயப் போகிறார்களாம்!" என்றார் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர். "சோதிடனுக்குச் சொந்தமாயிருந்த வானத்தைப் பொறியாளன் பறித்துக்கொண்டான், இப்போது வழக்காட நீங்களும் வந்துவிட்டீர்களா?" என்றார் இன்னொருவர்.

கேலியிலும் ஒரு உண்மை இருக்கிறது. வழக்காடத்தான் வந்திருக்கிறோம்! வானம் என்பது வழக்கு நடக்கும் இடமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வழக்கிலே ஒரு தரப்பார் வண்டி வண்டியாக ஏடுகளுடன் வந்து நிற்கிறார்கள். மற்றொரு தரப்பார், வழக்கு நடப்பதே தெரியாமல், வாசலிலே நின்று நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எந்தத் தரப்பு என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அரசுறவு என்றால் என்ன? நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடைபெறும் பேச்சும் பேரமும், உடன்பாடும் ஊடலும், கையெழுத்தும் கைவிரிப்பும்தான். இவை மண்ணைப்பற்றி நடந்தன, கடலைப்பற்றி நடந்தன, இன்று விண்ணைப்பற்றி நடக்கின்றன. ஏவுகலத்தைச் செய்பவன் பொறியாளன். அது எவருடைய அலைவரிசையில் பேசலாம், எவருடைய தலைக்குமேல் நிற்கலாம், உடைந்து விழுந்தால் எவர் ஈடு தருவது, நிலவிலே கிடைக்கும் பொருளை எவர் எடுத்துக்கொள்வது என்பனவற்றை எல்லாம் முடிவு செய்வது பொறியாளன் அல்லன். மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்களே, அவர்கள்!

ஒரு பெண்மணியின் கதையைக் கூறுகிறேன், கேளுங்கள். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக் எனும் செயற்கைக்கோளை விண்ணிலே செலுத்திற்று. அமெரிக்கா அலறிற்று. தலைக்குமேலே சுற்றும் கோள் நாளைக்குக் குண்டையும் சுமந்து வராதோ என்ற அச்சம்! அந்நாட்டு மேலவையிலே இதனை ஆராய்ந்த துணைக்குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன். அவர் உதவிக்கு அழைத்தவர்களிலே ஒருவர் ஐலீன் காலவே எனும் அம்மையார். அவர் பொறியாளர் அல்லர். வானநூல் வல்லுநர் அல்லர். அரசியல் அறிவியலிலே பட்டம் பெற்று, நாடாளுமன்ற நூலகத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலே பணியாற்றி வந்தவர். அப்போது அவருக்கு வயது 51.

அச்சத்தால் நடுங்கிய நாட்டிலே, விண்வெளியை முழுவதும் படைத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதே எளிய வழியாக இருந்திருக்கும். 1958-இல் இயற்றப்பட்ட சட்டமோ, அந்தப் பணியைப் பொதுமக்கள் ஆட்சியின் கீழ் இயங்கும் நாசா எனும் அமைப்பிடம் ஒப்படைத்தது. பிற நாடுகளோடு ஒத்துழைத்திடவும் அதிலே வகை செய்யப்பட்டது. அச்சட்டம் உருவானதில் இந்த அம்மையாருக்குப் பங்கு உண்டு. அமைப்பின் பெயரிலே 'ஏஜென்சி' என்றிருந்த சொல்லை 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்று மாற்றிடச் சொன்னவரும் அவரே. ஒரு சொல்லிலே என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? முன்னது, பலவற்றுள் ஒன்றாக ஒதுங்கி நிற்கும் அலுவலகம். பின்னது, பல துறைகளையும் ஒருங்கிணைத்து நடத்தும் ஆற்றல் பெற்ற நிர்வாகம். நாசா எனும் பெயரின் இறுதிச் சொல்லுக்கே அரசியல் பயின்ற ஒரு பெண்ணின் கைப்பட்ட வரலாறு இருக்கிறது! 2009-ஆம் ஆண்டு, 103-ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது மறைந்தார். விண்வெளிச் சட்டம்பற்றி முதுமையிலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

அரசியல் படித்தவனுக்கு ஆகாயத்திலே என்ன அலுவல் என்று கேட்ட நண்பருக்கு நான் தந்த முதல் விடை, இந்த அம்மையாரின் பெயர்.

இரண்டாவது விடையைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலே மகேந்திரகிரி என்றொரு மலை இருக்கிறது. அதன் அடிவாரத்திலேதான் நம் நாட்டு ஏவுகலங்களின் எந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கிரையோஜெனிக் எந்திரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திரவமாக்கப்பட்ட ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கடுங்குளிரிலே வைத்திருந்து எரிப்பது. பாரமான செயற்கைக்கோளை உயரத்துக்குத் தள்ளிட வல்லது. அதற்காக 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மோசுடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்திரமும் தருவோம், அதைச் செய்யும் முறையும் கற்பிப்போம் என்றார்கள். 1992-இல் அமெரிக்கா இரு தரப்பின்மீதும் தடை விதித்தது; ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுவதைத் தடுக்க வல்லரசுகள் சில 1987-இல் வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிற்று. 1993-இல் ரஷ்யா பின்வாங்கிற்று. எந்திரங்கள் தருவோம், செய்முறை தரமாட்டோம் என்றது. நம் அறிவியலாளர்கள் தாமே முயன்றனர், 2010-இல் தோற்றனர், மீண்டும் முயன்று, 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் வென்றனர்.

ஒப்பந்தத்துக்கும் வெற்றிக்கும் இடையே ஓடிய ஆண்டுகள் 23! அத்தனை ஆண்டுகளும் எந்திரத்தின் குற்றமல்ல. எந்திரம் செய்வதற்கு எத்துணை அறிவு தேவையோ, அத்துணை அறிவு, அதைச் செய்யவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளவும் தேவை என்பதையன்றோ அந்தக் கதை காட்டுகிறது! தடுத்த அந்தக் கூட்டமைப்பிலேயே 2016-இல் இந்தியா உறுப்பினராயிற்று. வெளியே நின்றபோது கேட்ட கேள்விகளை உள்ளே சென்றபிறகும் கேட்கிறோமா? இதைப் பொறியாளன் ஆராய மாட்டான். ஆராய அவனுக்கு நேரமும் இல்லை. இளம் அரசியல் ஆராய்ச்சியாளன்தான் ஆராய வேண்டும்.

இனி, தலைப்புக்கு வருகிறேன்.

நம் ஊரிலே பேருந்து வந்து நின்றதும் நடப்பது என்ன? ஏறுவதற்கு முன்பே, சன்னல் வழியாகத் துண்டு பறக்கும்! துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு! பேருந்து பொது, பயணச்சீட்டும் பொது, இருக்கை மட்டும் முந்தித் துண்டு போட்டவனுக்கு. கைக்குழந்தையுடன் படியேறி வரும் தாய் நின்றுகொண்டே வருவாள். "துண்டு போட்டிருக்கு, தெரியலையா?" என்று அதட்டுவான் அவன். எந்தச் சட்டத்திலும் இல்லாத உரிமை. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட உரிமை!

வானத்திலும் அப்படித்தான் நடந்தது, தோழர்களே!

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்திலே, கண்ணுக்குத் தெரியாத வளையம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தப்படும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுக்கும் அதே நேரத்திலே பூமியை ஒருமுறை சுற்றும். ஆகவே, தரையிலிருந்து பார்ப்பவனுக்கு, அது ஒரே இடத்திலே ஆடாமல் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். தொலைக்காட்சி, தொலைபேசி, வானிலைச் செய்தி ஆகியவற்றுக்கு இதைவிட வாய்ப்பான இடம் இல்லை. ஆனால் வளையம் ஒன்றே ஒன்றுதான். ஒரே அலைவரிசையில் பேசும் இரு கோள்கள் நெருங்கி நின்றால், ஒன்றின் பேச்சு மற்றதன் பேச்சைக் குழப்பிவிடும். எனவே, இடைவெளி வேண்டும். இடைவெளி வேண்டுமென்றால், இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விண்வெளி உடன்படிக்கையின் முதல் விதி, விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் நடைபெற வேண்டும் என்கிறது. அது மனித குலம் முழுமைக்கும் உரிய களம் என்கிறது. இரண்டாவது விதி, எந்த நாடும் அதைத் தன் உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. என்ன நேர்த்தியான கொள்கை! உயர்ந்தோன் தாழ்ந்தோன் இல்லை, உடையோன் இல்லான் இல்லை, வானம் அனைவர்க்கும் பொது! அணுகுண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு முறைத்து நின்ற இரு வல்லரசுகள், இதற்கு இசைந்து கையெழுத்திட்டன என்பது மனித அறிவின் வெற்றிகளிலே ஒன்று. அதனைக் குறைத்துக் கூற நான் விரும்பவில்லை.

ஆனால், பேருந்தும் பொதுதானே?

வளையத்தில் இடத்தையும் அலைவரிசையையும் பதிவு செய்வது, ஜெனீவாவிலே இருக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அங்கே வழங்கிய முறை, பெரும்பாலும், முந்தி வந்தவனுக்கு முதலிடம். செயற்கைக்கோள் செய்யும் திறனும், ஏவும் திறனும், அதற்கான பணமும் எவரிடம் இருந்தனவோ, அவர்கள் முந்தி வந்தனர். நேற்றுத்தான் அடிமைத்தளை அறுத்து எழுந்த நாடுகள், பள்ளிக்கூடம் கட்டுவதா, பஞ்சம் போக்குவதா என்று திணறிக்கொண்டிருந்தன. படியேறி உள்ளே பார்த்தபோது, இருக்கை எங்கும் துண்டுகள்!

1976-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரிலே, நிலநடுக்கோட்டு நாடுகள் சில கூடின. கொலம்பியா, ஈக்வடார், காங்கோ, கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலான நாடுகள் அவை. "எங்கள் தலைக்கு நேர்மேலே இருக்கும் வளையத்தின் பகுதி எங்களுக்கே உரியது" என்று அறிவித்தன. உலகம் ஒப்பவில்லை. விண்வெளியை உடைமையாக்கக் கூடாது என்ற விதிக்கே அது முரண் என்றனர் சட்ட அறிஞர்கள். அறிவியலும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. கோரிக்கை தோற்றது.

தோற்றது என்று சொல்லி மூடிவிட்டுப் போகலாமா? எங்கள் ஆராய்ச்சிக் குழு இந்த இடத்திலேதான் தங்கி நின்றது. அந்தக் கோரிக்கைக்கு முன்பே, 1973-இல், வளையமும் அலைவரிசையும் அளவுக்கு உட்பட்ட இயற்கை வளங்கள் என்று ஒன்றியத்தின் சாசனம் ஏற்றிருந்தது. கோரிக்கைக்குப் பின்னர், 1982-இல் நைரோபி நகரில் கூடிய மாநாட்டிலே, வளரும் நாடுகளின் தனித் தேவைகளையும் சில நாடுகளின் புவியியல் நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற சொற்கள் சாசனத்திலே ஏறின. 1988-இல், குறிப்பிட்ட சில அலைவரிசைகளிலே, உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் இடம் என்று ஒதுக்கி வைத்திடும் திட்டம் வகுக்கப்பட்டது. ஏழை நாடு இன்று ஏறாவிட்டாலும், என்றேனும் ஏறி வந்தால் அமர்ந்திட ஓர் இருக்கை! சட்டத்திலே தோற்றவர்கள், ஓரளவு நீதியிலே வென்றனர். அறவே கேட்காமல் இருந்திருந்தால்? இருந்த துண்டுகள் இருந்தபடியே இருந்திருக்கும்.

அதே 1988-ஆம் ஆண்டிலே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பசிபிக் மாகடலிலே டோங்கா என்றொரு சின்னஞ்சிறு தீவு நாடு. சொந்தமாக ஒரு செயற்கைக்கோளும் கிடையாது. அந்த நாடு, வளையத்திலே 16 இடங்கள் வேண்டுமென்று பதிவு கேட்டது! பெரிய நாடுகள் கொதித்தன. கிடைக்கும் இடத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கப் பார்க்கிறது என்றனர். எதிர்ப்புக்குப் பிறகு டோங்கா எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. சில இடங்களைப் பெற்றது. துண்டு போடும் கலையைப் பெரியவனிடமிருந்து சிறியவன் கற்றுக்கொண்டான். உடனே, அது குற்றமாகத் தெரிந்தது பெரியவனுக்கு! டோங்கா செய்தது முறையா? அல்ல என்றே நான் கூறுவேன். பொதுச்சொத்தைப் பிடித்து வைத்து வாடகைக்கு விடுவது, சிறியவன் செய்தாலும் பெரியவன் செய்தாலும் தவறுதான். ஆனால், விதியைப் படித்தவன் வல்லவனைத் திகைக்க வைக்க முடியும் என்பதை அந்தத் தீவு காட்டிவிட்டது.

படிப்பின் பயனை எடுத்துரைத்தேன். படிக்கும் பிள்ளைகளின் பாட்டையும் சொல்லத்தானே வேண்டும்? ஐவர் தொடங்கினார்கள் என்றேன். இருவர் விலகிவிட்டனர். ஒருவன் வங்கித் தேர்வுக்குப் போனான். வீட்டிலே தங்கையின் திருமணக் கடன். மற்றொருவன், உதவித்தொகை பல மாதம் வராததால், தனியார் பள்ளியிலே ஆசிரியனானான். அவர்களைக் கோழைகள் என்று கூறிட எனக்கு உரிமை இல்லை. வயிறு காயும்போது வளையத்தைப்பற்றி எவ்வளவு நாள் பேச முடியும்? வேண்டிய நூல்களின் விலை, ஒரு குடும்பத்தின் மாத அரிசிச் செலவைத் தாண்டுகிறது. இருக்கும் நூல்களோ ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலமும் வழக்கறிஞர்களே வியர்க்கும் ஆங்கிலம்.

எஞ்சிய மூவரிலே ஒருத்தி, தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர்ப் பெண். அவள் தந்தை வள்ளத்திலே போய் வலை வீசுபவர். குலசேகரன்பட்டினத்திலே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டதே, அந்தக் கரையோரத்தைச் சேர்ந்தவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் ஏவுகலம், இலங்கைக்கு மேலே பறக்காதிருக்க, வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கிப் பறக்கலாம். சிறிய ஏவுகலங்களுக்கு இது பேருதவி. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், நாட்டின் முதல் ராக்கெட் எழுந்த தும்பாவும் ஒரு மீனவர் சிற்றூர்தான். அங்கே மாதாகோயில் கட்டடத்தையே அறிவியலுக்காக விட்டுத் தந்தார்கள். 1968-இல் அந்தத் தளம், எந்த நாட்டாரும் வந்து ஆராயலாம் என்று, ஐக்கிய நாடுகள் அவைக்கு உரித்தாக்கப்பட்டது. விண்ணுக்குச் செல்லும் பாதை, இந்நாட்டிலே, மீனவர் குடியிருப்பிலே தொடங்கிற்று.

அந்தத் தந்தையார், மகளைப் படிப்பை நிறுத்தி அழைத்துச் செல்லலாமா என்ற எண்ணத்தோடு, ஒருநாள் என்னைக் காண வந்தார்.

"சார், எம் புள்ள படிக்கிறது ராக்கெட்டு விடுற படிப்பா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி. ராக்கெட் விடுகிற நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி செய்கிறார்களே, அந்த விதியைப்பற்றிய படிப்பு" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அப்பச் சரி. கடல்ல கோடு போட்டாங்க. எங்கள ஒருத்தரும் கேக்கல. இன்னைக்கும் அந்தக் கோட்டுக்குப் பயந்துதான் வல போடுறோம். வானத்துல கோடு போடுறப்பவாவது, கடக்கரைப் புள்ள ஒண்ணு பக்கத்துல நிக்கட்டும்."

1974-லும் 1976-லும், இந்திய அரசும் இலங்கை அரசும் கடலிலே எல்லைக்கோடு வகுத்தன. மேசையிலே விரித்த படத்திலே கோடு. விளைவு, படகிலே போனவன் தலையிலே! ஒப்பந்தம், உடன்படிக்கை எனும் சொற்களின் பொருளை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பிலே விளக்கி வருகிறேன். அவர் இரண்டு வரியிலே விளக்கிவிட்டார். அந்தப் பெண் படிப்பைத் தொடர்கிறாள்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் எளிதானதல்ல. அது வேறொரு துண்டைப்பற்றியது: உடைந்த துண்டு.

2007-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், சீனா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தாக்கி உடைத்தது. கண்காணிக்கத்தக்க அளவுள்ள துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல்! உயரத்திலே உடைந்ததால், பல துண்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கிக் குண்டைவிடப் பன்மடங்கு வேகத்திலே ஓடும் துண்டுகள் அவை. எந்த நாட்டின் கோள் என்று பார்த்து மோதுவதில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் இத்தகைய சோதனைகளை நடத்தியவையே. 2019-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் இந்தியாவும் நடத்திற்று. தாழ்ந்த உயரத்திலே, துண்டுகள் விரைவில் விழுந்து எரிந்துவிடும்படி நடத்தினோம் என்றது அரசு. பெரும்பாலானவை அவ்வாறே விழுந்தன. சில, மேலே தூக்கி எறியப்பட்டு, ஓராண்டுக்கு மேலும் சுற்றின.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில், இத்தகைய அழிப்புச் சோதனைகளை நடத்துவதில்லை என்று நாடுகள் உறுதி பூண வேண்டும் எனும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் பேரவைக்கு வந்தது. ஆதரித்தவை 155 நாடுகள், எதிர்த்தவை 9, வாக்களியாமல் ஒதுங்கியவை 9. ஒதுங்கிய ஒன்பதிலே ஒன்று இந்தியா.

சரியா, தவறா? மேடையிலே ஒருவன், "நாட்டின் வலிமையைக் குறைக்கச் சதி!" என்று முழங்கிக் கைதட்டல் பெறலாம். இன்னொருவன், "அமைதிக்குத் துரோகம்!" என்று முழங்கி அவனும் கைதட்டல் பெறலாம். ஆராய்ச்சியாளன் முழங்குபவன் அல்லன். அவன் எண்ணிப் பார்ப்பவன். எங்கள் பெண் எண்ணிப் பார்த்தாள். 1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அணுஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை, 1967-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பு குண்டு வெடித்தவனை அணு ஆயுத நாடு என்று ஒப்புக்கொண்டது, மற்றவர்க்குக் கதவடைத்தது. முந்தி வெடித்தவனுக்கு முத்திரை! வெடித்துப் பார்த்தவர்கள், வெடித்துப் பார்த்த பிறகு, இனி எவரும் வெடிக்காதீர் என்பது, துண்டு போட்டவன் ஒழுக்கம் போதிப்பது போன்றது. விண்வெளியிலும் அந்தக் கதவு சாத்தப்படுமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்ற எண்ணம், டில்லியிலே இருந்திருக்கக்கூடும் என்பது அவள் கணிப்பு.

அதோடு அவள் நிறுத்தவில்லை. நுழைந்தாகிவிட்டதே! நுழைந்த பிறகும் கதவடைப்பதை ஆதரிக்காதது ஏன்? உடைந்த துண்டு, நம் வானிலைக் கோளையும் மோதாதோ? புயல் எங்கே கரை கடக்கும் என்று மீனவனுக்குச் சொல்லும் கோள் உடைந்தால், இழப்பு எவருக்கு? வாக்குறுதி மட்டும் போதாது, சட்டத்தால் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்று இந்தியா நெடுநாளாகக் கூறிவருவது உண்மைதான். அப்படியானால், அதன் முன்வரைவை எழுதி மேசைமீது வைப்பதற்கு முந்திக்கொண்டால் என்ன? மற்றவன் தவறை மட்டும் எடைபோட்டுவிட்டுத் தன் நாட்டை எடைபோடத் தயங்குபவனை ஆராய்ச்சியாளன் என்று எப்படிக் கூறுவது? அவள் தயங்கவில்லை. அதனால் எனக்குப் பெருமை.

இன்னொரு கணக்கும் தீராமல் கிடக்கிறது. 1979-இல் உருவான நிலவு ஒப்பந்தம், நிலவின் வளங்கள் மனித குலத்தின் பொது மரபுரிமை என்றது. இந்தியா 1982-இல் அதிலே கையெழுத்திட்டது. உறுதி செய்யாமலே விட்டுவிட்டது. அதனை முழுமையாக ஏற்ற நாடுகள் இருபதுக்கும் குறைவு. 2015-இல் அமெரிக்காவும் 2017-இல் லக்சம்பர்க்கும், விண்வெளியில் எடுக்கும் பொருள் எடுத்த நிறுவனத்துக்கே உரியது எனத் தத்தம் சட்டம் செய்துகொண்டன. வளங்களை எடுப்பது மட்டுமே உடைமையாக்குவது ஆகாது என்று கூறும் ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகள் 2020-இல் வந்தன. 2023-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் இந்தியா அதிலும் கையெழுத்திட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 23-ஆம் நாள், சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியிலே இறங்கிற்று. நாடு மகிழ்ந்தது; நானும் மகிழ்ந்தேன். ஆனால், பொது மரபுரிமை என்ற ஏட்டிலும் நம் கையெழுத்து. எடுத்தவனுக்கு உரியது என்போர் வரிசையிலும் நம் கையெழுத்து! எது நம் கொள்கை? கேட்க வேண்டாமா?

வியன்னா நகரிலே கூடும் ஐக்கிய நாடுகளின் விண்வெளிக் குழு, 1959-இல் 24 நாடுகளோடு நிலைபெற்றது. இன்று நூறு நாடுகளைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அங்கே வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. அனைவரும் இசைந்தால்தான் முடிவு. எனவே, எந்த ஏழை நாடும், காரணத்தோடு மறுத்திட்டால், வல்லரசும் நின்று கேட்டாக வேண்டும். காரணத்தோடு மறுத்திட வேண்டும் என்றேன். காரணத்தை எழுதித் தருபவன் எவன்? நாற்காலி எல்லா நாட்டுக்கும் இருக்கிறது. நாற்காலிக்குப் பின்னாலே நின்று குறிப்பெழுதித் தரும் இளைஞன் எல்லா நாட்டுக்கும் இல்லை. விண்வெளி வளங்களுக்கான நெறிகளை ஆராயும் பணிக்குழு ஒன்று, 2027-ஆம் ஆண்டை எல்லையாக வைத்து, 2022-இல் பணித்திட்டம் வகுத்தது. பேருந்து புறப்படும் மணி அடித்தாகிவிட்டது என்று பொருள்!

விதியை எழுதுவது விண்மீன்கள் அல்ல, தோழர்களே! மனிதர்களே எழுதுகிறார்கள், மனிதர்கள் எழுதியதை மனிதர்களே திருத்தலாம். 1982-இல் நைரோபியிலே திருத்தினார்கள் அல்லவா? பகுத்தறிவு என்பது, வானத்திலே தேவர்கள் இல்லை என்று அறிவதோடு முடிவதன்று; தேவர்கள் விட்டுச் சென்ற அந்த இடத்திலே எவன் துண்டு போடுகிறான் என்று பார்ப்பதும் அதிலே சேர்ந்ததே.

விண்வெளி உடன்படிக்கையிலே இருப்பவை 17 விதிகள். ஒரு மாலைப்பொழுது போதும் படித்திட. நாலைந்து பேர் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்க, தமிழிலே விளக்கிப் பேசிட, இன்னொரு மாலை போதும். உங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று அதைக் கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.